கடைத் தக்காளியைச் செடியில் கட்டியவனுக்கு

மகனே,

பேசாமல் இருந்தது போதும். போன ஆடியில் வாயை மூடியவன், இதோ பங்குனியும் முடியப்போகிறது. இந்த வீட்டில் நான் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது உனக்கும் உன் அம்மாவுக்கும் பழக்கமாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஷூவுக்குள் காலை நுழைத்தபடி, "ரிசப்ஷன்ல ரெண்டு வீடியோவையும் எல்இடி ஸ்கிரீன்ல போடுறோம்ப்பா. மண்டபமே சிரிக்கும் பாருங்க" என்றாய். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ ஏறிய ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு வார்த்தை வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். கல்லூரியில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவரைத் துறைத் தலைவர் ஆக்கினார்கள். அன்றைக்கு அவருக்குச் சால்வை போர்த்தியவர்களில் நானும் ஒருவன். என்ன கேட்டிருக்க வேண்டும் என்பது வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் தோன்றியது. இந்த முறை அப்படி விடப்போவதில்லை.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைகாசியில் உன் கல்யாணம். வரவேற்பில் அந்த வீடியோக்களைப் போடக் கூடாது. அவ்வளவுதான். இதை ஒரே வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற அந்த மஞ்சள் முகத்தைத்தான் பதிலாக அனுப்புவாய். அதனால் விரிவாக எழுதுகிறேன். சிரிக்க இடமில்லாதபடி எழுதுகிறேன்.

நான் ஏன் தக்காளி வளர்க்கக் கிளம்பினேன் என்று நீ ஒரு முறையும் கேட்டதில்லை. அப்பாவுக்கு வயசாகிறது, பொழுது போகவில்லை என்று உன் நண்பர்களிடம் சொன்னாயாம். எனக்குப் பொழுது போகாமல் இல்லை. குடவாசல் பக்கத்து நிலத்தைப் பிரித்தபோது, வாய்க்கால் தலைமாட்டில் இருந்த நஞ்சை முழுவதும் உன் பெரியப்பா பெயருக்குப் பட்டா ஆனது. எனக்குத் தஞ்சாவூரில் இந்த மனை. "நீ படிச்சவன்டா தம்பி. பேனா புடிக்கிற கைக்கு மம்முட்டி எதுக்கு?" என்றார். பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டினேன். அதற்குப் பிறகு எந்த விசேஷத்தில் பார்த்தாலும், நான்கு பேர் கூடியிருக்கிற இடமாகப் பார்த்து, "இவன் கை வரப்புல நின்னு குடை புடிச்ச கையி. ஒரு கீரைத்தண்டு முளைக்க வைக்கச் சொல்லுங்க பாப்போம்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்து இரண்டு நாள் தூங்காமல் கிடப்பேன். போன வருஷம் அவர் மகள் வீட்டு வளைகாப்பில் மறுபடியும் அதையே சொன்னார். கீரைத்தண்டு வேண்டாம், தக்காளியே காய்க்க வைத்துக் காட்டுகிறேன் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்து, பழுத்த பிறகு ஒரு கூடை கொண்டுபோய் அவர் வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவர வேண்டும் என்பது திட்டம். அற்பமான திட்டம்தான். ஆனால் என்னுடையது.

நடந்த தவறு எது என்று நீ வீடியோவில் காட்டினாய்; ஏன் நடந்தது என்று காட்டவில்லை. நம் பக்கத்தில் பயிர் என்றால் நெல். மற்றதெல்லாம் கொல்லையில் தானாக முளைப்பது. நான் சேற்றில் இறங்கியதில்லை, உண்மை. ஆனால் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் நடவைப் பார்த்து வளர்ந்தவன். பயிர் பிடிக்க என்ன வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் களிமண், சேறு, நிற்கிற தண்ணீர் என்றுதான் சொல்லுவேன். ஆகவே உன் பெரியப்பா வெளியூர் போயிருந்த நாளாகப் பார்த்துப் போய், அவர் வயல் மண்ணைச் சாக்கில் அள்ளிக் கார் டிக்கியில் போட்டு வந்தேன். திருட்டு என்று உன் அம்மா சொன்னாள். எனக்குச் சேர வேண்டிய மண் என்று நான் சொன்னேன். மாடியில் தொட்டிகளில் கொட்டி, தண்ணீர் விட்டு மிதித்துச் சேறாக்கினேன். தொட்டியின் அடியில் ஓட்டை இருந்தது. மடை திறந்து கிடந்தால் எந்த வயலில் தண்ணீர் நிற்கும்? சிமெண்டைக் குழைத்து அடைத்தேன். தட்டில் விதைத்த தக்காளி நாற்று தளதளவென்று வந்திருந்தது. அதைக் கைப்பிடியாகப் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண் போகக் காலில் அடித்து உதறி, முடியாகக் கட்டி, வாளித் தண்ணீரில் நிறுத்திவைத்தேன். நுனியைக் கிள்ளினேன். பிறகு குத்துக்கு மூன்று நாற்றாகச் சேற்றில் ஊன்றினேன். நெல்லுக்கு இதில் ஒரு படிகூடத் தப்பில்லை. டெல்டாக்காரன் ஒருவனால் மட்டுமே இவ்வளவு ஒழுங்காக ஒரு தக்காளியைக் கொல்ல முடியும்.

ஆடிப்பெருக்குக்கு வந்திருந்த நீ அன்றைக்கு மாடியில்தான் இருந்தாய். கைப்பேசியை நீட்டிக்கொண்டு, "சூப்பர்ப்பா, இன்னொரு தடவ கால்ல அடிங்க. எதுக்கு அடிக்கிறீங்கன்னு சொல்லிக்கிட்டே அடிங்க" என்றாய். உனக்கு இதிலெல்லாம் அக்கறை வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். அதனால் விளக்கிச் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்லூரியில் பாடம் எடுப்பதுபோல, ஒவ்வொரு படியாக, அந்தக் கருவியைப் பார்த்துச் சொன்னேன். எனக்குத் தெரிந்ததை நீ கேட்டு, நான் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்துப் பார். சென்னையில் உனக்கு வேலை கிடைத்த பிறகு உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லாமல் போயிருந்தது. அன்றைக்கு நீ கேட்டாய். வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அந்த முகத்தைத்தான் நீ பின்னால் கோமாளி இசை சேர்த்து, இணையத்தில் போட்டு, உலகத்துக்குக் காட்டினாய்.

நாற்றெல்லாம் மஞ்சளாகி, தண்டு அழுகி, சேற்றிலேயே படுத்துவிட்டது. அதையும் அம்மாவிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கடைசியில் ஒட்டியிருந்தாய். "சாருக்கு எத்தனை டிஎம்சி வேணும்னு கேளுங்க" என்று ஒருவன் எழுதியிருந்தான். "மேட்டூர்ல தண்ணி ஏன் கொறையுதுன்னு இப்பதான் தெரியுது" என்று இன்னொருவன். "அங்கிள், அறுவடைக்கு மெஷின் சொல்லியாச்சா?" என்று ஒரு பெண். இவர்கள் யாரும் எனக்குத் தெரியாதவர்கள், போகட்டும். என் மாணவர்களும் எழுதியிருந்தார்கள். வகுப்பில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பின்னால் யாரோ காலில் எதையோ அடிக்கிற சத்தம் கேட்டது. அதற்கடுத்த வாரம் உன் பெரியப்பா போன் செய்தார். வருஷத்துக்கு ஒரு முறை, தீபாவளிக்கு மட்டும் பேசுகிற மனிதர். "என்னடா தம்பி, நடவு முடிஞ்சுதா? களையெடுக்க ஆளு அனுப்பட்டுமா?" என்றார். பிறகு சற்று நிறுத்தி, "அந்த மண்ணு எங்கயோ பாத்த மண்ணாத் தெரியுதே" என்றார். போனை வைத்துவிட்டேன். நீ நீக்கியிருக்கலாம். நீக்கு என்று சொன்னேன், அதாவது, "அது இன்னும் இருக்கா?" என்று கேட்டேன். என் அகராதியில் அதற்கு நீக்கு என்றுதான் பொருள். "இருக்குப்பா, நல்லாப் போய்க்கிட்டு இருக்கு" என்றாய்.

பட்டுக்கோட்டையில் உன் நிச்சயதார்த்தம் நடந்தபோது, நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் அப்பா என்கிற மிடுக்கோடு காரிலிருந்து இறங்கினேன். பெண் வீட்டு வாசலில் நின்ற உறவுக்காரர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, "ஏய், தக்காளிக்காரர் வந்துட்டாருடி" என்று குரல் கொடுத்தார். என் படிப்பு, உத்தியோகம், குடும்பம் எல்லாம் அந்த ஒரு கூவலில் போயிற்று. பெண்ணின் அப்பா நல்ல மனிதர். என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, "தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி. எங்க வீட்ல எல்லாரும் பாத்தோம். எங்க வீட்டம்மா சிரிச்ச சிரிப்புல பொறையேறிப் போச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தக்காளிக்குத் தண்ணி நிக்கக் கூடாதுங்க. எங்க தோப்புல தென்ன நார்க்கழிவு மலையாக் கெடக்கு. ரெண்டு மூட்ட அனுப்பி வைக்கிறேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. உனக்குப் பெண் கொடுக்கிறவரிடம் நான் தோட்டக்கலையில் அனுதாபம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ மேடையில் மோதிரத்தைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாய்.

மூட்டைகள் வந்தன. மழைக்காலம் முழுவதும் பிரிக்காமல் கார் ஷெட்டில் போட்டு வைத்திருந்தேன். பிரித்தால் தோற்றதை ஒப்புக்கொண்டதாகும் என்று ஒரு வீம்பு. கார்த்திகை கடைசியில் பிரித்தேன். அதற்குள் நிறையப் படித்திருந்தேன், நிறையப் பார்த்திருந்தேன். புதிதாக வளர்ப்பவர்களுக்குச் சொல்கிறேன் என்று இணையத்தில் பேசுகிறவர்கள் எல்லாரும் காய்த்துத் தொங்குகிற செடிக்கு முன்னால் நின்றுதான் பேசுகிறார்கள். செத்த செடிக்கு முன்னால் நின்று பேசுகிறவன் ஒருவன்கூட இல்லை. நான் அப்படிப்பட்டவன், ஆகையால் நான் சொல்வதைக் கேள். கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் சென்னை வீட்டு பால்கனியில் நீங்கள் தொட்டி வைப்பீர்கள், எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குச் செடி என்றால் பிரியம் என்று அவள் பேச்சிலிருந்தே தெரிந்தது. தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கட்டும், ஒன்றுக்கு நான்காக இருக்கட்டும். வெறும் களிமண் உதவாது. செம்மண், நார்க்கழிவு, மக்கிய சாண உரம் மூன்றையும் கலந்துகொள்; கையில் பிடித்து அழுத்தினால் கட்டியாக வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். நாற்றை மண்ணோடு பெயர்த்து நடு, வேரைக் குளிப்பாட்டாதே. நெல்லை மேலாக நட வேண்டும், ஆழத்தில் போனால் தூர் கட்டாது. தக்காளி நேர்மாறு. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுக் கழுத்துவரை புதை. புதைந்த தண்டெல்லாம் வேர் விடும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு தொட்டி வரிசையின் பிணம் தேவைப்பட்டது.

தொட்டிக்கு ஒரு செடி போதும். வெயில் பாதிப் பகலாவது வேண்டும். உங்கள் கட்டட நிழலில் வைத்துவிட்டு விதைக்காரனைத் திட்டாதே. தண்ணீர் விடும் முன் விரலை மண்ணில் விட்டுப் பார். விரல் ஈரமாக வந்தால் போய் வேறு வேலை இருந்தால் பார். எனக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்ற கேள்வியிலேயே பிறந்து வளர்ந்தவனால், கையில் குடம் இருக்கும்போது ஊற்றாமல் நிற்க முடியவில்லை. உன் அம்மா குடத்தைப் பிடுங்கி ஒளித்து வைத்தாள். அதே சமயம், ஒரு வாரம் காயப்போட்டு ஒரு நாள் கொட்டினாலும் ஆகாது. முதலில் வந்த காய்களெல்லாம் அடிப்பக்கம் கறுத்து அமுங்கிப்போனது அதனால்தான். பூ வந்ததும் காலையில் காம்பை விரலால் லேசாகச் சுண்டு. அப்போதுதான் மகரந்தம் உதிரும். காற்று வராத பால்கனியில் தேனீயை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது. கிளை பாரம் தாங்காது, மூங்கில் குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டு. இலையடியில் வெள்ளைப் பூச்சி வந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து சாயங்காலம் தெளி. இதற்கெல்லாம் நீ கேமரா கொண்டு வரவில்லை. செத்ததற்கு வந்தாய். பூ வந்த நாளிலிருந்து தினமும் காலையில் ஒரு ஆள் மாடியில் நின்று பூக்களைச் சுண்டிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

மாசியில் காய் பிடித்தது. பங்குனிப் பிறப்பில் முதல் காய் நிறம் மாறியது. அணில் பார்த்துவிடும் என்று உன் அம்மா தன் பழைய நூல் புடவையைக் கிழித்துச் செடிகளைச் சுற்றிக் கட்டினாள். பெரிய விளைச்சல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோலில் கோடு விழுந்த, கொஞ்சம் கோணலான, காம்பைச் சுற்றிப் பச்சை மாறாத நாட்டுத் தக்காளி. கிள்ளினால் மாடி முழுக்க மணத்தது. அந்தச் செய்தியை அம்மா உன்னிடம் சொன்னாள். உடனே நீ எனக்குப் போன் செய்தாய். நீயாக எனக்குப் போன் செய்வது அபூர்வம். "அப்பா, பழுத்துருச்சாமே! பறிச்சிடாதீங்க, நான் சனிக்கிழம வரேன்" என்றாய். உன் கையால் பறிக்க ஆசைப்படுகிறாய் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். "வாடா, உனக்குத்தான் வச்சிருக்கேன்" என்றேன். நீ உடனே, "பார்ட் டூ எடுக்கணும்ப்பா. எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. மொத வீடியோவும் இதையும் சேத்து ரிசப்ஷனுக்கு ஒரு எடிட் போடலாம்னு இருக்கேன்" என்றாய்.

வெள்ளிக்கிழமை காலையில் பழுத்தது எல்லாவற்றையும் பறித்தேன். "புள்ள ஆசையாக் கேட்டான்ல, ரெண்டாவது விட்டு வைங்க" என்றாள் உன் அம்மா. "அவன் கேட்டது பழத்த இல்ல" என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுக் கூடையை வாங்கிக்கொண்டு போனாள். பெரியப்பா வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆரம்பித்தது எனக்கு அப்போது நினைவே இல்லை. நாங்கள் இருவரும் இரண்டு பழத்தை உப்புத் தொட்டுத் தின்றோம். மற்றதை அவள் ரசம் வைத்தாள். கடைத் தக்காளிக்குப் போடுகிற புளியில் பாதிகூடப் போடவில்லை. அப்படியும் நாக்கில் சுள்ளென்று இருந்தது. இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். உன் அம்மா எதிரில் உட்கார்ந்து, "நல்லாத்தான் வந்திருக்குங்க" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை நீ வந்தாய். நேரே மாடிக்கு ஏறினாய். "அப்பா! பழம் எங்கப்பா?"

"ரசத்துல இருக்கு."

"வெளையாடாதீங்க. ஒண்ணு கூடவா விடல?"

"காய் இருக்கு பாரு, எடுத்துக்க."

"உங்களுக்கு வீம்புப்பா. வேணும்னே பண்ணிருக்கீங்க" என்றாய். வேண்டுமென்றேதான் செய்தேன். அதை மறுக்கவில்லை, வருத்தமும் இல்லை. கோபித்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தால் உன்னைப் பற்றி நல்லபடியாகவே நினைத்திருப்பேன். ஆனால் நீ கோபிக்கவில்லை. சிரித்தாய். என் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய், ஒரே அளவில், ஒரே நிறத்தில், உருண்டையாகப் பளபளக்கிற தக்காளிகளை வாங்கி வந்தாய். அம்மாவின் பூக்கட்டும் நூலை எடுத்துக்கொண்டாய். ஒவ்வொன்றாக என் செடியில் கட்டினாய். நான் படிக்கட்டின் உச்சியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடப்பது என்ன என்று எனக்கு உறைப்பதற்குள் நீ நான்கைந்து கட்டிவிட்டாய். அடுத்ததைக் கட்டியபோது கிளை கணுவோடு ஒடிந்தது. பூவும் பிஞ்சுமாக இருந்த நடுக்கிளை. "அச்சச்சோ" என்றாய். பிறகு, "விடுங்கப்பா, செடிதானே. இந்தப் பக்கம் கேமராவுல தெரியாது" என்று தொட்டியைத் திருப்பி வைத்தாய்.

அதன் பிறகு நடந்ததற்கு நான்தான் பொறுப்பு. "இங்க வந்து நில்லுங்கப்பா, ஒண்ண கையில புடிங்க, சிரிங்க" என்றாய். வந்து நின்றேன். பிடித்தேன். சிரிக்கவும் செய்தேன் என்று நினைக்கிறேன். கீழே இறங்கிப் போயிருக்கலாம். உன் கையிலிருந்ததைத் தட்டிவிட்டிருக்கலாம். வாழ்நாள் முழுவதும் மேடையில் யார் நிற்கச் சொன்னாலும் நின்று, யார் கையைத் தட்டச் சொன்னாலும் தட்டி, வீட்டுக்கு வந்து கறுவிக்கொண்டிருந்தவன் அன்றைக்கும் அதையே செய்தான். உன் அம்மா கீழேயிருந்து, "ரெண்டு பேரும் சாப்பிட வாங்க, ஆறிப்போவுது" என்று கூப்பிட்டாள். நீ சாப்பிட்டாய். முந்தின நாள் வைத்த ரசம் கொஞ்சம் மிச்சம் இருந்தது, உனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தபடியே குடித்தாய். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். "ம்" என்றாய். அதில் இருந்தது என்ன தக்காளி என்று உனக்குத் தெரியும்.

இப்போது வரவேற்புக்கு வருகிறேன். முன்வரிசையில் உன் பெரியப்பா உட்கார்ந்திருப்பார். என் கல்லூரி முழுவதும் வந்திருக்கும், அந்தத் துறைத் தலைவர் உட்பட. பட்டுக்கோட்டையிலிருந்து வேன் வேனாக வருவார்கள். திரையில் முதலில் நான் நாற்றைக் காலில் அடிப்பேன், எல்லாரும் சிரிப்பார்கள். அது நடந்தது, நான் செய்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் என்று வை. அடுத்து நான் கடைத் தக்காளியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுவேன். எல்லாரும் கை தட்டுவார்கள். நான் உண்மையாகத் தோற்றதைக் காட்டுகிறாய். பொய்யாக ஜெயித்ததைக் காட்டுகிறாய். உண்மையாக ஜெயித்தது ஒன்று இருந்தது. அது உன் படத்துக்குத் தேவைப்படவில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் அந்தத் திரையில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். உன் பெரியப்பாவுக்குத் தெரியும். நாட்டுச் செடியின் இலையில் ஹைப்ரிட் காய் தொங்குவதை அவர் மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்தும் கண்டுபிடிப்பார். நூலையும் பார்ப்பார். எழுந்து ஒன்றும் சொல்ல மாட்டார். பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, மெதுவாக, "நூலு கட்டுனது யாருடா, நீயா, ஒம் மவனா?" என்று கேட்பார். நான் என்ன சொல்ல வேண்டும்? நீயே சொல். மகன்தான் என்று உன்னைக் காட்டிக்கொடுக்கவா? நான்தான் என்று சொல்லி, அவர் இத்தனை வருஷம் பேசியதெல்லாம் சரிதான் என்று கையெழுத்துப் போடவா?

மிரட்டவில்லை. வர மாட்டேன் என்றோ, எழுந்து போய்விடுவேன் என்றோ சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு நாளை நான் கொடுக்க மாட்டேன். நீ போட்டாலும் உட்கார்ந்திருப்பேன், பழகியதுதான். ஆனால் அன்றைக்குப் பிறகு, நீ எதைக் கேட்டாலும், எதற்காகக் கேட்கிறாய் என்று யோசித்த பிறகே உனக்கு நான் பதில் சொல்லுவேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் அப்படித்தான். ஒரு அப்பனை நீ அந்த இடத்துக்குக் கொண்டுபோகலாமா என்பதுதான் என் கேள்வி. ஒடிந்த கிளையை என்ன செய்தேன் என்று நீ கேட்கவில்லை. நீயாகக் கேட்டால் சொல்லுவேன்.

இதை உனக்குத் தனியாக அனுப்பினால் படிக்க மாட்டாய். நான் தனியாகச் சொன்ன எதுவும் உன் காதில் ஏறியதில்லை. நாலு பேர் பார்ப்பதை மட்டும்தான் நீயும் பார்க்கிறாய். எனவே இதைப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தேன். பெயர், முன்னெழுத்து, பட்டங்கள், கல்லூரி, தெரு எல்லாம் அடியில் போட்டு அனுப்புவதாக இருந்தேன். எழுதி முடித்து அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"பேரப் போட்டுத்தான் அனுப்பப் போறீங்களா?"

"ஏன் போடக் கூடாது? அவன் என்னைக் கேட்டுட்டா போட்டான்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்" என்றாள்.

கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். என் பெயரைப் போட்டால், அடுத்த பக்கத்தில் உன் பெயரைப் போட்டதற்குச் சமம். வீடியோவைப் பார்த்தவர்களுக்கு இது யார் வீட்டுக் கதை என்று தெரியும். அது உன் கணக்கு. பார்க்காதவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நாளைக்கு உன் கல்யாணத்துக்கு வந்து, மேடையேறி உன் கையைக் குலுக்கும்போது, கடைத் தக்காளியைக் கட்டியவன் இவன்தான் என்று மனதுக்குள் சிரிக்கக் கூடாது. அப்படிச் சிரிப்பு வாங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரிய வேண்டாம். இவ்வளவு கோபத்திலும் இதில் உன் பெயரை, அந்தப் பெண்ணின் பெயரை, யார் பெயரையும் நான் எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். உறையில் பத்திரிகையின் விலாசத்தை எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடாமலேதான் தபாலில் சேர்க்கப் போகிறேன்.